வாக்கில்லாதவர் பார்வையில் ஆட்சி மாற்றம்

மலேசியாவில் 2018 மே 9 தேர்தலில் ஆளுங்கூட்டணியின் 61 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. பிறகு 2020, 2021, 2022 என மூன்று முறை பிரதமர் மாறிவிட்டார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ரொட்டி சானாய் வீசும் இராமநாதபுரத்து இளைஞனிடம் இதைப் பற்றிக் கேட்டால், “லெவி ஏறுமா, பெர்மிட் புதுப்பிப்பாங்களா?” என்று வெளிநாட்டுத் தொழிலாளர் வரியையும் வேலை அனுமதியையும் பற்றித்தான் திருப்பிக் கேட்பான். அதை அரசியல் அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஊரில் தன் தொகுதியில் யார் நிற்கிறார் என்பதை அவன் விரல்நுனியில் வைத்திருக்கிறான். இங்கே அவனது பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அவனுக்கு அரசாங்கம் என்றால் அந்த முதலாளிதான்.

ஆனாலும் மாற்றம் அவனையும் அவனைப் போன்றோரையும் தொடாமல் போகவில்லை. 2023-இல் முடிதிருத்தகம், ஜவுளி, நகைத் தொழில்களுக்கு வெளிநாட்டு ஆள் எடுக்க அரசு இசைந்தது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அது அவனுக்கும் உண்டு. (முழுசாகக் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை.) மாறாததும் உண்டு. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அப்படியிருந்தும் கடப்பிதழைக் கல்லாப்பெட்டியில் பூட்டிவைக்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். குடிநுழைவுத் துறை தொழிலாளியைத் தேடிச் சோதனைக்கு வரும் நாளில், அந்தப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.