குளிர்காலக் காலையும் கார் எஞ்சினும்



டெல்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால், நம்மவர் வாழும் அடுக்குக் குடியிருப்புகளில் பொழுது விடியும் முன்னரே ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். மூடுபனிக்குள் ஆளில்லாத கார் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கும். அதன் பின்புறத்திலிருந்து வெண்புகை எழும்பும். உரிமையாளரோ மாடியில் காபி அருந்திக்கொண்டிருப்பார். கேட்டால், "எஞ்சின் சூடாகட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பார். பல ஆண்டுகள் நானும் அப்படிச் செய்தவன்தான். அதை நான் விட்டுவிட நேர்ந்த காரணத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் குளிரையே அறியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ காரைச் சூடேற்றவேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தந்ததில்லை. 2001ஆம் ஆண்டில் நான் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். முதல் குளிர்காலத்தில் அது என்னை மிகவும் அலைக்கழித்தது. சாவியைத் திருப்பினால் இருமும், கிளம்பும், பத்தடி நகர்ந்ததும் அணைந்துபோகும். மயூர் விகாரில் எங்கள் வண்டிகளைப் பழுதுபார்த்துவந்த முதியவரான மெக்கானிக் ஒருவர் என்னைப் பக்கத்தில் அமர்த்தி, சோக்கை இழுக்கவும், எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, பின்பு சோக்கை மெதுவாக உள்ளே தள்ளவும் கற்றுத்தந்தார். அவர் சொன்னது முற்றிலும் சரியானது. ஏனெனில் அந்த வண்டியில் இருந்தது கார்புரேட்டர்.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் சரிவரத் தீப்பிடிப்பதும் இல்லை. கார்புரேட்டருக்கோ வெளியே குளிராயிருக்கிறதா, வெயிலாயிருக்கிறதா என்று தானாக அறிந்துகொள்ளும் ஆற்றல் கிடையாது. ஆகவே ஓட்டுநரே சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் அளவைக் கூட்டித் தரவேண்டியிருந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய வண்டிகளை ஓட்டிய நம் மூத்தோர் இதை நன்கு அறிவார்கள். அவர்களிடமிருந்தே இப்பழக்கம் நமக்கு வந்தது.

நான் அந்த வண்டியை விற்று, 2012இல் புதிய கார் ஒன்றை வாங்கினேன். அதில் சோக் என்ற ஒன்றே இல்லை. ஆனால் என்னிடம் பழக்கம் இருந்தது. காலை ஆறரை மணிக்குக் கீழே இறங்கிக் காரைக் கிளப்பிவிட்டு, மீண்டும் மாடிக்குச் சென்று, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வருவேன். வண்டியைப் பேணுகிறேன் என்ற மனநிறைவு வேறு!

கீழ்வீட்டு ஜன்னல்

2014 ஜனவரியில் ஒருநாள் மாலை, தரைத்தளத்தில் குடியிருந்த பஞ்சாபி மூதாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அமரச் சொன்னோம், அமரவில்லை. "பேட்டா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கலாமா?" என்று இந்தியில் தயக்கத்தோடு தொடங்கினார். அவருடைய நான்கு வயதுப் பேரன் சில நாள்களாகக் காலையில் தலைவலி என்று அழுதுகொண்டே எழுந்திருக்கிறானாம். இரண்டு நாள் வாந்தியும் எடுத்தானாம். மருத்துவரிடம் காட்டியபோது அவர், "இரவில் அறைக்குள் அங்கீட்டி வைக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கரி போட்டு மூட்டும் அந்தக் கணப்பை அவர்கள் வைப்பதில்லை. "அப்படியானால் அறைக்குள் வேறு ஏதேனும் புகை வருகிறதா என்று பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

டெல்லி வீடுகளின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். கோடைக்காக ஜன்னலில் பொருத்திய கூலர் குளிர்காலத்திலும் அங்கேயே இருக்கும். அதன் ஓரங்களை அட்டையாலும் துணியாலும் அடைத்து வைப்போம். அந்தக் குழந்தை உறங்கிய அறையின் கூலருக்கு நேர் எதிரே, இரண்டு அடி தூரத்தில், என் காரின் சைலன்சர் இருந்தது. மூதாட்டி என்னைக் குற்றம் சாட்டவில்லை. "நீங்கள் வண்டியைக் கிளப்பும் நேரத்தில்தான் வாசனை வருகிறது, பேட்டா. சற்றுத் தள்ளி நிறுத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வெட்கிப்போனேன். மறுநாள் முதல் வண்டியை வேறிடத்தில் நிறுத்தினேன். அந்த வாரத்திலேயே குழந்தையின் தலைவலி நின்றுவிட்டதென்று அவர் வந்து சொன்னார். அதன்பின் நான் மெக்கானிக்கிடம் சென்று, கால் மணி நேரம் சூடேற்றாவிட்டால் எஞ்சின் கெட்டுப்போகுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கார்புரேட்டர் போய்விட்டது, சார்; உங்கள் பழக்கம்தான் போகவில்லை" என்றார்.

மாறிப்போனது என்ன?

1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் தனியார் கார்கள் 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 புகை நெறிக்கு இணங்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அதையொட்டிக் கார்புரேட்டர் மறையத் தொடங்கி, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை பரவியது. இம்முறையில் எஞ்சினின் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றையும் உணரும் சென்சார்கள் உண்டு. அவை தரும் செய்தியைக் கொண்டு ஒரு சிறு கணினி, குளிர் மிகுந்த காலையில் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக வேண்டுமோ அவ்வளவைத் தானே அளிக்கிறது. முன்பு நாம் சோக்கினால் செய்த வேலையை இப்போது அது செய்கிறது.

எஞ்சின் ஆயிலும் மாறியிருக்கிறது. ஆயில் டப்பாவின்மேல் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். 5டபிள்யூ வகை ஆயில், மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரிலும் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. டெல்லியில் 2021 ஜனவரி 1ஆம் தேதி, சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. நமக்கு அது எலும்பை நடுக்கும் குளிர். அந்த ஆயிலுக்கோ அது பொருட்டே அல்ல. எஞ்சின் கிளம்பிய சில விநாடிகளுக்குள் ஆயில் வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அமெரிக்காவின் எரிசக்தித் துறையும், ஏறத்தாழ 30 விநாடிகளுக்குப் பின் மெதுவாக ஓட்டத் தொடங்குவதையே பெரும்பாலான கார் நிறுவனங்கள் பரிந்துரைப்பதாகக் கூறுகிறது. அங்குள்ள குளிர் நம்முடைய குளிரைவிடக் கடுமையானது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்கு வேலை குறைவு. ஆகையால் அது சூடேறுவதும் தாமதம். குளிர்ந்திருக்கும் நேரமெல்லாம் பெட்ரோல் கூடுதலாகவே தெளிக்கப்படுகிறது. அதில் எரியாத ஒரு பகுதி சிலிண்டரின் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. நன்மை என்று எண்ணி நாம் செய்வது எஞ்சினின் தேய்மானத்துக்கு வழிவகுக்கிறது. மேலும் கியர்பாக்ஸ், சக்கரங்களின் பேரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவை வண்டி ஓடினால்தான் சூடேறும். எத்தனை மணி நேரம் நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டாலும் அவற்றுக்குப் பயனில்லை.

புகையைக் கட்டுப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அப்படியே. அது 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் நச்சு வாயுக்களை மாற்றும் வேலையைச் சரிவரத் தொடங்கும். ஐடிலிங்கில் அந்த வெப்பம் வரத் தாமதமாகும். காலையில் நின்ற இடத்தில் கக்கப்படும் புகை பிற நேரத்துப் புகையைக் காட்டிலும் கெடுதியாயிருப்பது இதனால்தான். குளிர்காலத்தில் டெல்லியின் காற்று எப்படிப்பட்டது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

செலவையும் கணக்கிடுவோம். சிறிய பெட்ரோல் கார் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நாள்தோறும் 15 நிமிடம் என்று 60 நாள் ஓடவிட்டால் 15 மணி நேரம்; அதாவது ஏழரை முதல் 15 லிட்டர் பெட்ரோல், ஓர் அடி தூரமும் செல்லாமல் வீணாகிறது.

உயிருக்கு ஆபத்து

பணம் போனால் சம்பாதிக்கலாம். அதைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பின்பு தூக்கம்போன்ற மயக்கம், இறுதியில் மரணம். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கி மடிந்துபோகிற குடும்பங்களைக் குறித்து நாம் செய்தித்தாளில் வாசிக்கிறோம். அதே வாயுதான் இதுவும்.

ஆகவே, மூடிய ஷெட்டிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ காரை ஓடவிட்டு நிற்காதீர்கள். ஷட்டரைத் திறந்து வைத்தாலும் அது போதுமான பாதுகாப்பு ஆகாது. "வெளியே குளிருகிறது, காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்" என்று பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்லாதீர்கள். விடுமுறையில் சிம்லாவுக்கோ மணாலிக்கோ செல்லும் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். கொட்டும் பனி சைலன்சரின் வாயை அடைத்துவிட்டால் புகை காருக்குள்ளேயே திரும்பும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் சிக்கிய வாகனங்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குளிரோடு இந்த வாயுவும் காரணமாகக் கூறப்பட்டது. யாருக்கேனும் இவ்விதம் மயக்கம் உண்டானால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 112ஐ அழையுங்கள்.

சட்டமும் ஒன்று சொல்லுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்கவேண்டும். இல்லையேல் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டிருக்கவேண்டும். தெருவில் காரை ஓடவிட்டு மாடிக்குச் செல்வது இதற்கு மாறானது. திருடனுக்கும் அது திறந்த வாசல்.

செய்யவேண்டியது யாது?

1. காரைக் கிளப்புமுன் பானெட்டை இருமுறை தட்டுங்கள். குளிருக்கு ஒதுங்கிய பூனைக்குட்டிகள் உள்ளே உறங்குவதுண்டு.

2. கண்ணாடிகளைத் துடைத்து, சீட் பெல்ட் அணிந்து, அதன்பின் சாவியைத் திருப்புங்கள். டீசல் வண்டியாயின், சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, சுருள் கம்பி வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்திருங்கள். கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கவேண்டாம்.

3. 30 விநாடி பொறுங்கள். உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால், ஏ.சி.யையும் முன்கண்ணாடிக்குக் காற்று வீசும் பொத்தானையும் சேர்த்துப் போட்டால் தெளிவடையும். பாதை தெளிவாகத் தெரியும்வரை காத்திருப்பது நியாயமே. எஞ்சினுக்காக அல்ல, எதிரே வருகிறவருக்காக.

4. பின்பு மெதுவாகச் செல்லுங்கள். பல கார்களில் எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு ஒன்று எரியும். அது அணைந்த பின்னும் சில கிலோமீட்டர் நிதானம் நல்லது. ஏனெனில் ரேடியேட்டர் நீரைவிட ஆயில் சூடேறத் தாமதமாகும். எஞ்சினைக் கெடுப்பது குளிர்ந்த நிலையில் சீறிப்பாய்வதே. பல சி.என்.ஜி. கார்கள் முதலில் பெட்ரோலில் கிளம்பி, சற்றுச் சூடேறியபின் தாமே எரிவாயுவுக்கு மாறும், அதற்காகவும் நிற்கவேண்டாம்.

குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து எழும் வெண்புகையையும் சொட்டும் நீரையும் கண்டு அஞ்சவேண்டாம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியே அது. புகை நீலமாயிருந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்போது மெக்கானிக்கிடம் செல்லுங்கள். காலையில் செல்ஃப் எடுக்கத் திணறினால், பேட்டரியைச் சோதியுங்கள். குளிரில் பேட்டரியின் வலிமை குறையும்.

விதிவிலக்குகளும் உண்டு. இன்றும் கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போர் ஓரிரு நிமிடம் பொறுக்கவேண்டும். லடாக்கில் பணிபுரியும் நம் சகோதரரின் நிலையோ முற்றிலும் வேறு. அங்கே சாதாரண டீசலே உறைந்துபோகும் என்பதனால், மைனஸ் 33 டிகிரி வரை இளகி ஓடும் குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. அவ்விடத்து வழக்கத்தை டெல்லிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

அருமையானவர்களே, என் மெக்கானிக் அன்று கற்றுத்தந்தது தவறல்ல. அந்த வண்டி போனபின்னும் நான் அதைக் கேள்வியின்றிப் பிடித்துக்கொண்டிருந்ததே தவறு. என் காருக்கு நன்மை செய்வதாக எண்ணி, முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின்பக்கம் யாருடைய ஜன்னலை நோக்கியிருக்கிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக் காலையில் சாவியைத் திருப்பும் முன் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து, பின்புறம் யாருடைய வீடு இருக்கிறதென்று பாருங்கள். அங்கே ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.