பேடண்ட் போட்டா ஆச்சா சாமி?

நம்மூரு இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக் பசங்க ஏன் புதுசா எதுவும் செய்யறதில்லன்னு ஆளாளுக்கு அட்வைஸ் குடுத்துக்கிட்டு இருக்காங்க. பசங்களுக்கு ஆர்வம் இல்லையாம், ரிஸ்க் எடுக்கப் பயமாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்குற பய எங்க கம்பெனி ஆரம்பிக்கப் போறான்னு நக்கல் வேற.

வாங்குறான்தான். ஏன் வாங்குறான்? லேப் நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க. காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிடும். அதை விட்டா ஊருக்குப் போக வேற வழி கிடையாது. அவன் எப்போ உக்காந்து சால்டரிங் பண்ணுவான்? பஸ்லயா?

2018ல மத்திய அரசு ஒவ்வொரு காலேஜ்லயும் புத்தாக்கக் குழு அமைக்கணும்னு ஆரம்பிச்சுது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்காளுங்க கையில அது பேனர், செல்ஃபி, ஈ-சர்டிபிகேட்னு ஆயிடுச்சு. அதை விடக் கொடுமை பேடண்ட் கணக்கு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில கிடைச்ச பேடண்டோட சேர்த்து, வெறுமனே பிரசுரமானதுக்கும் மதிப்பெண் உண்டு. பிரசுரம்னா என்ன? விண்ணப்பிச்சு 18 மாசம் ஆனா தானா பிரசுரமாகும். ஃபார்ம் 9 போட்டுக் காசு கட்டினா ஒரு மாசத்துலயே வந்துடும். அந்த ஐடியா புதுசா, வேலை செய்யுமான்னு அதுவரைக்கும் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. பரிசோதனைக்குன்னு தனியா ஃபார்ம் 18 போடணும். குறிச்ச காலத்துக்குள்ள போடலேன்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினதா கணக்கு. ஆனா காலேஜ் வாசல் ஃப்ளெக்ஸ்ல அது "பேடண்ட்"தான்!

2021ல கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்துல 80% குறைச்சாங்க. 8000 ரூபாய் 1600 ஆச்சு. நல்ல விஷயம். உருப்படியா ஒண்ணு கண்டுபிடிச்சவனுக்கு.

என்கூடப் படிச்சவன் ஒருத்தன் லெக்சரரா இருக்கான் (காலேஜ் பேர் வேணாம், அவன் பொழப்பு கெட்டுரும்). வருஷத்துக்கு ஒரு பேடண்ட் காட்டலேன்னா இன்க்ரிமெண்ட் கிடையாதாம். எட்டு லெக்சரருங்க சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு ஏஜெண்ட்டைப் பிடிச்சிருக்காங்க. தலைப்பு, படம் எல்லாம் அவரே ரெடி பண்ணிட்டார். இவன் பேர் அஞ்சாவது. அந்த மெஷின் என்னடா பண்ணும்னு கேட்டேன். "ஏதோ ஐ.ஓ.டி. மச்சி"ன்னான். படிக்கிற காலத்துல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்த பய அவன். இன்னைக்குக் காலைல நாலு கிளாஸ், மதியம் லேப், சாயங்காலம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க போன். அவனைத் திட்ட எனக்கு மனசு வரல.

இதுக்கு வழி இல்லாமலும் இல்ல. 2019ல மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்னே ஒரு தேசிய புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை வந்துச்சு. தொழில் தொடங்குற ஆசிரியருக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ விடுப்பு குடுக்கலாம்னு அதுல இருக்கு. ஸ்டார்ட்அப் நடத்துற பையன் அட்டெண்டன்ஸ் குறைஞ்சாலும் அனுமதி வாங்கிப் பரீட்சை எழுதலாம்னும் இருக்கு. ஆனா காலேஜ் காலேஜா ஏத்துக்கிட்டாத்தான் நடக்கும். வெப்சைட்ல அந்த பி.டி.எஃப்.பை ஏத்திட்டு அதுவே ஏத்துக்கிட்டதுன்னு விட்டுட்டா எப்படி?

இன்குபேஷன் சென்டருக்குக் கண்ணாடிக் கதவு போடுற காசுல ஏழரை மணிக்கு இன்னொரு பஸ் ட்ரிப் விடலாம். லேப் அசிஸ்டெண்ட்டுக்கு ஓவர்டைம் குடுக்கலாம். வாத்தியாருக்கு வாரத்துல ரெண்டு மதியம் கிளாஸ் இல்லாம விட்டுட்டு, வருஷக் கடைசியில பேடண்ட் நம்பர் கேக்காம, "என்ன செஞ்சே, காட்டு"ன்னு கேக்கலாம். ஓடலேன்னா ஓடலேன்னு சொல்ற தைரியம் அப்பத்தான் அவருக்கு வரும்.

பொட்டி தட்டுறவனுக்கு என்னடா தெரியும்னு கும்ம வர்ற கரெஸ்பாண்டெண்ட்கள் தாராளமா கும்மலாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கும்முங்க: உங்க காலேஜ்ல இதுவரைக்கும் எத்தனை லெக்சரர் அந்த விடுப்பை வாங்கியிருக்காங்க?