வேட்பாளரின் வாக்கை எழுதி வையுங்கள்



சென்ற இதழில் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவதைப் பற்றிப் பார்த்தோம். பெயர் பதிந்தாயிற்று, இனி யாருக்குப் போடுவது என்று சில குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு என்று சொல்வது இந்தப் பக்கத்தின் வேலையன்று. எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாங்கூன் அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் பயன்படும்.

தேர்தல் என்றதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம ஆள் யாராவது நிற்கிறாரா?" என்பதுதான். இதற்குப் பர்மாவிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பர்மாவின் பிரதிநிதிகள் சபையில் 132 இடங்கள். இந்தியர்களுக்கென 8 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்கென்றே தனியாக ஓர் இடமும் இருந்தது. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு, சபையில் நம் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதி இருந்திருக்கும்.

ஆனால் அந்தச் சபைக்கு முன்னிருந்த பெரிய கேள்வி நிலம். 1930களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலும் நியாயமானதே. குத்தகைச் சட்டம், நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று 1939க்கும் 1941க்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டமே வந்துவிட்டது. ஒரு நாற்காலியில் நம்மவர் இருந்தார். முடிவு செய்தவை மற்ற நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்தவர்கள் நிலத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதே நம் குடும்பங்களின் தலையெழுத்தை நிர்ணயித்தது.

1962இல் ராணுவம் நாடாளுமன்றத்தையே இல்லாமல் செய்துவிட்டது. 1964இல் கடைகள் அரசுடைமையானதும், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போனதும், லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு கப்பலேறியதும் சட்டமன்றமே இல்லாத காலத்தில் நடந்தவை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2008 அரசியல் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிராந்தியத்துக்கும் ஒரு சட்டமன்றம் தந்தது. 2020 தேர்தல் வரை யாங்கூன் பிராந்தியச் சட்டமன்றத்தில் 123 இடங்கள் இருந்தன. ஒரு டவுன்ஷிப்புக்கு இருவர் வீதம் 90 பேரும், கரேன், ரக்கைன் இனத்தவருக்கு ஒவ்வொருவரும் தேர்தலில் வர வேண்டியிருந்தது. மீதி 31 இடங்கள் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பிராந்தியத்தின் வரவு செலவு இந்த மன்றத்தின் கையில் இருந்தது. யாங்கூனின் பழைய பஸ் தடங்களைக் கலைத்து 2017 ஜனவரி 16இல் புதிய பஸ் முறையைக் கொண்டுவந்ததும் பிராந்திய அரசாங்கமே. குடியுரிமைச் சட்டமோ மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே பிராந்திய வேட்பாளரிடம் அடையாள அட்டையைப் பற்றி வாக்குறுதி வாங்குவதில் பயனில்லை. பஸ்ஸைப் பற்றி, பிராந்தியப் பணம் எந்தப் பேட்டைக்குச் செலவாகிறது என்பதைப் பற்றிக் கேட்டால் பயனுண்டு.

வேட்பாளர்களைப் பற்றி அறிய அங்கே வழி இல்லாமலில்லை. 2015, 2020 தேர்தல்களின்போது தேர்தல் ஆணையம் வெளிநாட்டு அமைப்புகளின் உதவியோடு 'எம்வோட்டர்' என்ற கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான வேட்பாளர்களின் விவரம் அதில் இருந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதில் கண்டவை பெரும்பாலும் வேட்புமனுவில் கேட்கப்பட்டவையே: வயது, படிப்பு, தொழில், இனம், மதம். 2020இல் ரொஹிங்கியா வேட்பாளர்களை 'வங்காளி' என்று குறித்ததால் பெரும் கண்டனம் எழுந்தது. வேட்பாளர் எந்த வயிற்றில் பிறந்தார் என்பது பதிவாயிற்று. மழைக்காலத்தில் நம் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு அவர் என்ன செய்வார் என்பது வேட்புமனுவில் கேட்கப்படும் கேள்வியன்று. கட்சிகள் அரசுத் தொலைக்காட்சியில் பேசுவதானாலும், பேச்சை முன்கூட்டியே ஆணையத்திடம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. வெட்டிய பேச்சைப் பேச மாட்டோம் என்று சில கட்சிகள் விலகிக்கொண்டன.

2021 பிப்ரவரி 1இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2020இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சபையில் அமரவே இல்லை. அந்தத் தேர்தலில் வென்ற தேசிய ஜனநாயக லீக் 2023இல் கலைக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டம், தேர்தலைக் குறைகூறிப் பேசுவதையே சிறைக்குரிய குற்றமாக்கியது. அதற்குப் பின்னரே, அவ்வாண்டு டிசம்பர் 28இல், ராணுவம் நடத்திய வாக்கெடுப்பு தொடங்கிற்று. வேட்பாளரிடம் நாலு கேள்வி கேட்டு எழுதி வைப்பது அங்கே ஆபத்தான வேலை. இங்கே அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், நடப்பது எந்தச் சபைக்கான தேர்தல், அந்தச் சபையின் அதிகாரத்தில் எவை உள்ளன என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான மூன்று நான்கு விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை அனுமதி, எதுவானாலும் சரி. ஒரு வேட்பாளருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுதி, தேதியையும் இடத்தையும் குறியுங்கள். கூட்டத்தில் ஒரு மொழியிலும் துண்டுப் பிரசுரத்தில் வேறு மொழியிலும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நழுவினால் 'பதில் இல்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான். ஏற்கெனவே பதவியில் இருந்தவரானால், சபையில் எதற்குக் கை தூக்கினார் என்பதைச் சபை நடவடிக்கைக் குறிப்புகளில் பாருங்கள்.

மொழி தெரியாதே என்று பெரியவர்கள் ஒதுங்க வேண்டாம். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். எதைக் கேட்பது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கலாம். இன்னும் வாக்குரிமை கிடைக்காதவர்களும் கேட்கலாம். கேள்வி கேட்பதற்கு வாக்குச்சீட்டு வேண்டியதில்லை.

தேர்தல் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஜெயித்தவரின் பக்கத்தை ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். அடுத்த தேர்தலில் அவர் உங்கள் வாசலுக்கு வரும்போது அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் நம்மவரானாலும் சரி, அடுத்தவரானாலும் சரி.

அடுத்த இதழில் வாக்குச்சாவடியில் நடப்பவை பற்றிப் பார்ப்போம்.