அரைகுறை சிகிச்சை வேண்டாம்

மரம் சீவும் தொழிலாளிக்கு உடம்பே மூலதனம். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும், உயர்ந்த வெட்டுக்குக் கையை ஓங்கியும், பால் நிறைந்த வாளியைச் சுமந்தும் உழைப்பவரின் இடுப்போ தோளோ பழுதுபட்டால் குடும்பத்தின் அடுப்பே தடுமாறும். நாள் முழுதும் மேசையில் குனிந்திருக்கும் கிராணிமாரின் கழுத்துக்கும் இதே கதிதான்.

இத்தகையோரை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்குவது பிசியோதெரப்பி என்னும் உடலியக்க சிகிச்சை. 2020 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, பதிவும் சான்றிதழும் பெற்றவரே இதைச் செய்யலாம். பணம் கொடுத்துச் சிகிச்சை பெறுவோர் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஆனால், சுவரில் சான்றிதழ் தொங்கினால் மட்டும் போதாது. பத்து நிமிஷம் விளக்குச் சூடு காட்டி அனுப்பிவிடுவது அரைகுறை சிகிச்சை. நல்ல சிகிச்சையாளர் முதலில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரிப்பார். கை எவ்வளவு உயர்கிறது, இடுப்பு எவ்வளவு வளைகிறது என்று அளந்து எழுதுவார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்து காட்டுவார். சில வாரங்களில் மறுபடி அளப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்றுவார், அல்லது டாக்டரிடம் திருப்பி அனுப்புவார். இவை நடக்கின்றனவா என்று நோயாளியே கவனிக்கலாம்.

வேலையில் விபத்துக்குள்ளானோருக்கு 1971-ல் அமைந்த சொக்சோ துணை நிற்கிறது. மலாக்காவில் 2014-ல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் அதனுடையதே. அந்தக் கதவு திறக்க, விபத்தைப் பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தத் தாளை எழுதும் கிராணிமார், ஒரு தொழிலாளியின் எதிர்காலம் தம் பேனாமுனையில் இருப்பதை உணர வேண்டும்.

தொழிலாளருக்கும் கடமை உண்டு. வலி சற்றுக் குறைந்ததும் பயிற்சியைக் கைவிடாதீர்கள். சாதாரண இடுப்புவலிக்கு நாட்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட அளவான நடமாட்டமே நல்லது. ஆனால், கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

நிர்வாகங்களுக்கு ஒன்று சொல்வோம்: பாதி குணமானவரை முழு வேலைக்கு விரட்டுவது, அவரை நிரந்தரமாக இழப்பதற்கே வழி. சிகிச்சை நாட்களுக்கு விடுப்பும், திரும்பி வருபவருக்கு இலேசான வேலையும் கொடுங்கள். முழுமையான சிகிச்சை தொழிலாளியின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவோம்!