மேசைமேல் ஒரு நீராவி வண்டி

கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் குடில் கட்டாத குடும்பம் நம்மிடையே அரிது. கோணிப்பையைப் பசையில் தோய்த்து மலையாக்குவதும், தட்டில் கேழ்வரகை முளைக்கவைத்துப் புல்வெளியாக்குவதும், கண்ணாடித் துண்டைக் குளமாக்குவதும் நம் பிள்ளைகள் நன்கறிந்த கலை. மயிலாப்பூரில் வாழ்வோர் நவராத்திரி நாள்களில் அண்டை வீட்டுக் கொலுவின் அடியில் சிறு இரயில் வண்டியொன்று நிற்பதையும் கண்டிருப்பர். பெரிய உலகைச் சிறியதாக்கி, வீட்டிற்குள் வைத்துப் பார்க்கும் ஆசை மனிதருக்கு இயல்பு. அந்த ஆசையில் பிறந்த ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இத்திங்கள் எழுத விரும்புகிறோம்.

சென்ற மார்கழித் திங்களில் ஒரு காலை, மயிலாப்பூர் லஸ் பகுதியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவரின் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளமையில் விழுப்புரத்திலிருந்து தெற்கே செல்லும் மீட்டர் பாதை வண்டிகளில் பயர்மேனாக இருந்தவர். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் வந்துவிட்டது; 1960களில் அது விழுப்புரம் வரை நீண்டது. எனவே எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்து வரும் வண்டியை விழுப்புரத்தில் நீராவி எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து இரவெல்லாம் அடுப்பில் நிலக்கரி வாரிப் போட்ட கை இப்பெரியவருடையது. அந்தக் கையில் இப்போது நடுக்கம். தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றியே அருந்துகிறார்.

கூடத்தின் பாதியை ஒரு மேசை அடைத்திருந்தது. அதன்மேல் வட்டமாய்த் தண்டவாளம். தண்டவாளத்தில் பித்தளையாலும் செம்பாலும் ஆன எஞ்சின் ஒன்று, இரண்டடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், வண்ணம் பூசப்படாமல் நின்றது. 'வொய்.பி.' என்னும் வகையைச் சேர்ந்தது என்றார் பெரியவர். 1949 முதல் நம் நாட்டு மீட்டர் பாதைகளில் விரைவு வண்டிகளை இழுத்தவை அந்த எஞ்சின்கள். அவற்றுள் பல ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலையில் உருவானவை.

இப்பொழுதுபோக்கின் முதல் பாடம் அளவு. உண்மையான எஞ்சினை எத்தனை மடங்கு குறைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உலகில் பெரிதும் வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. அதற்குரிய தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஆனால் அது மேனாட்டுப் பாதைக்குப் பொருந்தும் கணக்கு. நம் அகலப் பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். ஆகவே நம் நாட்டு எஞ்சினைக் கடையில் கிடைக்கும் அத்தண்டவாளத்தில் நிறுத்தினால், அகன்ற உடலுக்குக் குறுகிய கால்கள் அமைந்ததுபோல் தோன்றும். பெரியவர் இச்சிக்கலை எளிதாகத் தீர்த்துக்கொண்டார். மீட்டர் பாதை 1000 மில்லிமீட்டர். 32ஆல் வகுத்தால் 31 சொச்சம். 32 மில்லிமீட்டர் தண்டவாளம் உலகெங்கும் கிடைப்பது. எனவே 32இல் ஒரு பங்கு. ஒரு வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டதில் அவருடைய எஞ்சினுக்கு உண்மைத் தோற்றம் வந்துவிட்டது.

இந்த எஞ்சினை அவர் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாராம். ஈராண்டுகளுக்கு முன் அவருடைய துணைவியார் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் பல திங்கள் அவர் வீட்டில் எவரோடும் பேசியதில்லை. ஒருநாள் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கிய பேரன், துணியில் சுற்றிய பித்தளைச் சக்கரங்களைக் கண்டெடுத்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியவர் இன்னும் முடிக்கவில்லை. அன்றிலிருந்து தாத்தா கண்ணாகவும் பேரன் கையாகவும் இருந்து அரம் தேய்க்கின்றனர், துளையிடுகின்றனர், பற்றவைக்கின்றனர்.

நாங்கள் சென்றபோது எஞ்சினுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தனர். குழாய் நீர் அன்று. மாடியில் பிடித்துவைத்த மழைநீர். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுதி. கொதிகலனுக்குள் அது சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும். கொதிகலனின் அடியில் ஸ்பிரிட் விளக்கு. ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அது கேட்கிறது. இடம் கிடைக்காமல் அடைபட்ட ஆவியே உருளைக்குள் சென்று உந்துதண்டைத் தள்ளுகிறது. ஆகவேதான் இது விளையாட்டுப் பொருளாயினும் விளையாட்டன்று. மூட்டுகளை ஈயத்தால் பற்றவைத்தால், நீர் வற்றிய நேரத்தில் ஈயம் உருகிவிடும்; வெள்ளி கலந்த பற்றே வேண்டும். பாதுகாப்பு வால்வு இன்றி விளக்கேற்றலாகாது. புதிய கொதிகலனை முதலில் குளிர்ந்த நீரால் நிரப்பி, பின்னர் தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். பெரியவர்கள் அருகில் இல்லாமல் பிள்ளைகள் இதைத் தொடக்கூடாது என்பதைப் பெற்றோர் மறவாதிருப்பார்களாக.

பத்து நிமிடங்களில் வால்வு 'உஸ்' என்றது. பேரன் திருகைத் திறந்தான். எஞ்சின் இருமியது, நகர்ந்தது, வட்டத்தில் பாதி ஓடியது, நின்றுவிட்டது. சிறுவன் விரலால் மெல்லத் தள்ளினான், மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது. பழுதோ என்று வினவினோம். பெரியவர் எங்களை மறுபக்கம் அழைத்துச் சென்று காட்டினார். வலப்பக்கத்து உறுப்புகளெல்லாம் நிறைவுற்றிருந்தன. இடப்பக்கத்தில் உருளை மட்டும் இருந்தது, தண்டுகள் இல்லை.

அவர் விளக்கியது இது. உந்துதண்டு தன் ஓட்டத்தின் கோடியில் நிற்கும்போது, சக்கரத்தின் மையமும் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும். அந்நிலையில் எத்துணை ஆவி தள்ளினும் சக்கரம் சுழலாது. ஆகவே எஞ்சின் செய்வோர் வலப்பக்கத்துத் தண்டையும் இடப்பக்கத்துத் தண்டையும் ஒரே நிலையில் பொருத்துவதில்லை. கால் சுற்று முன்பின்னாகப் பொருத்துகின்றனர். ஒரு பக்கம் வலுவிழந்து நிற்கும் கணத்தில் மறுபக்கம் முழு வலுவோடு தள்ளும். இரண்டும் ஒருசேர ஓய்வதில்லை. "ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இப்படித்தான் தம்பி, நடுவழியில் நின்றுவிடும்" என்றார் எங்களைப் பார்த்து. பிறகு சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் வினவவில்லை.

பேரனுக்கு மற்றோர் ஈடுபாடு, எஞ்சினைப் படம் பிடிப்பது. விலையுயர்ந்த காமிரா இல்லை, தந்தையின் கைப்பேசிதான். ஆயினும் அவன் கற்றிருந்தவை நம்மை வியக்கவைத்தன. சிறு பொருளை மேலிருந்து படம் பிடித்தால் அது பொம்மையாகவே தெரியும். தண்டவாளத்தருகே தரையில் நிற்கும் மனிதரின் கண், இந்த அளவில் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வில்லையும் அவ்வுயரத்திற்கு இறங்க வேண்டும். அதற்காகக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்கிறான். விளக்கொளி பல திசைகளில் நிழல் வீழ்த்தும். காலை வெயில் ஒரே நிழல் தரும். ஆகவே கிழக்குச் சன்னலருகே மேசை. தனிக் காமிரா வைத்திருப்போர் வில்லையின் துவாரத்தைச் சுருக்கி, முக்காலியில் நிறுத்தி, நெடுநேரம் ஒளியை உள்ளே விட்டால், முன்னுள்ள விளக்கு முதல் பின்னுள்ள பெட்டி வரை தெளிவாக விழும்.

ஆவியைப் படத்தில் காட்டுவதே சென்னையில் அரிது. சூடான காற்றில் அது வெண்மையாகுமுன்பே கரைந்துவிடும். மார்கழி, தைத் திங்கள்களின் விடியற்காலையே தக்க நேரம். பின்னே கருந்துணி, ஆவிக்குப் பின்பக்கமிருந்து வெயில். இவ்வாறு அமைத்தால் புகைபோக்கியிலிருந்து வெண்பஞ்சு எழுவது தெரியும். அதற்காகவே அச்சிறுவன் பள்ளி விடுமுறையில் ஐந்து மணிக்கு எழுகிறான்.

இக்கலையின் வரலாற்றில் திருப்பணியாளர் சிலரும் உளர். நீராவியால் தானே ஓடிய முதல் வண்டி பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்பு, சீனப் பேரரசர் காங்சியின் அரண்மனையில் வானியல் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஃபெர்டினான்ட் வெர்பீஸ்ட் எழுதியது. 1670களில் அவர் செய்த அச்சிறு வண்டியின் நீளம் ஏறக்குறைய இரண்டடி. கொதிகலத்திலிருந்து பீறிட்ட ஆவி ஒரு சக்கரத்தின் இதழ்களில் மோத, வண்டி நகர்ந்தது. தண்டவாளத்தில் உண்மை எஞ்சின் ஓடியது 1804இல்தான். சிறியதே பெரியதற்கு முன்னோடியாயிற்று. நம் காலத்திற்கு அருகில், இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நகரின் ஆங்கிலிக்கன் ஆயராயிருந்த எரிக் ட்ரேசி, நீராவி எஞ்சின்களைப் படமெடுப்பதில் புகழ் பெற்றவர். 1978ஆம் ஆண்டு மே மாதம், ஆப்பிள்பி இரயில் நிலையத்தில் நீராவி வண்டியொன்றைக் காணச் சென்றிருந்தபோது அங்கேயே உயிர் நீத்தார்.

உண்மை எஞ்சினைக் காணாமல் மாதிரி செய்வது, ஆளைக் காணாமல் உருவம் வரைவது போன்றது. நம் ஊரில் அதற்கு வழியுண்டு. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களை அருகில் நின்று காணலாம். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட 'எக்ஸ்பிரஸ்' என்னும் எஞ்சின், நூறாண்டுக்கு மேல் ஓடாமல் நின்றபின், பெரம்பூர்ப் பணிமனையில் உயிர்பெற்று 2010இல் மீண்டும் ஓடியது. 2019இல் அது எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஓடியபோது, தியாகராய நகர்க் குடும்பங்களுக்கு நீராவியின் ஊதல் அடுத்த நிலையத்திலேயே கேட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கரத்தால் மலையேறும் நீராவி வண்டியும் உண்டு. 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய அப்பாதைக்குத் திருச்சிப் பொன்மலைப் பணிமனை இந்நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்துள்ளது.

விடைபெறும்போது சிறுவனின் தந்தை வாசல்வரை வந்தார். "பையனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது, பித்தளை விலையும் ஏறிவிட்டது. இந்த மேசையை எடுத்துவிடலாமா என்று நான் நினைக்காத நாளில்லை. ஆனால் அப்பா பேசுவது இந்த மேசையருகில் மட்டுந்தான்" என்றார். எளிய விடை எம்மிடம் இல்லை. பணத்திற்கும் நேரத்திற்கும் வரம்பு கட்டுங்கள், மேசையை எடுக்காதீர்கள் என்று மட்டுமே சொன்னோம். ஒரு பொழுதுபோக்கு வீட்டாரைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா என்பதே அதை எடைபோடும் கல் என்பது எம் எண்ணம். பள்ளியில் வராத கணக்கு இந்த 32இன் வகுத்தலில் வந்துவிடவும் கூடும்.

சென்ற வாரம் அவ்வில்லத்திலிருந்து ஒரு படம் வந்தது. இதுவரை அவர்கள் எடுத்த படங்களெல்லாம் எஞ்சினின் வலப்பக்கம் மட்டுமே. குறையுள்ள பக்கத்தைக் காட்டப் பெரியவர் இசைந்ததில்லை. இப்படத்தில் இடப்பக்கம். தண்டுகள் இன்னும் முழுமையாகவில்லை; ஒன்று மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரு கைகளில் ஒன்று இளையது, ஒன்று முதியது. முதிய கை மட்டும் சற்றுத் தெளிவின்றி விழுந்திருக்கிறது. இனி நடுக்கமில்லாமல் எடுத்த வேறு படம் வேண்டுமா என்று சிறுவன் கேட்டிருந்தான். வேண்டாம் என்று எழுதிவிட்டோம்.