இரண்டு இரவுகள், ஒரே ஊர்

பாரிஸ் நகரைக் காணச் செல்லும் நம்மவர்களில் பலர், பயணத்தின் இறுதியில் ஒரு சனி, ஞாயிறைப் பிரான்சின் நாட்டுப்புறத்துக்கென ஒதுக்க விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கு அவர்கள் வகுக்கும் திட்டத்தைக் கண்டால் அச்சம் உண்டாகிறது. காலையில் இரண்டு கோட்டைகள், பிற்பகலில் மற்றொன்று, மறுநாள் 150 கிலோமீட்டர் தள்ளி ஒரு மடாலயம், போகும் வழியில் ஒரு திராட்சைத் தோட்டம்! பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு ஒருமுறை வாய்க்கும் பயணம். ஒன்றையும் விட்டுவிடலாகாது என்ற கவலை புரிகிறது. எனினும் அக்கவலையே பயணத்தைக் கெடுத்துவிடுகிறது என்பது என் துணிபு. ஒரு வார இறுதிக்கு ஒரே ஊர் போதும். அதையும் கடிகாரத்தை முன்வைத்தே திட்டமிட வேண்டும்.

ஏனெனில் பிரெஞ்சுச் சிற்றூர்கள் நேரத்தில் மிகக் கண்டிப்பானவை. மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கும். 2 மணிக்குமேல் சென்றால் பெரும்பாலான உணவகங்களில் சமையலறையை மூடியிருப்பார்கள். இரவு 7 அல்லது 7.30 மணிக்குத்தான் மீண்டும் அடுப்பு மூட்டுவார்கள். ஞாயிறு ஓய்வு என்பது அந்நாட்டுத் தொழிலாளர்க்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமை. உணவுப் பொருட் கடைகள்கூடச் சிற்றூர்களில் அன்று நண்பகலோடு பெரும்பாலும் அடைபட்டுவிடும். திங்களன்றும் பல கடைகள் திறப்பதில்லை. எந்நேரமும் தேநீரும் சிற்றுண்டியும் கிடைக்கும் தெருக்களில் வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். மூன்று மணிக்குப் பசித்த குழந்தைகளோடு மூடிய கதவின் முன் நிற்கும் பெற்றோருக்கு அது வெறும் வியப்பாக இராது.

எடுத்துக்காட்டாக, லுவார் ஆற்றங்கரையில் உள்ள அம்புவாஸ் என்னும் ஊரைக் கருதுவோம். பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ரயில் நிலையம் ஆற்றுக்கு வடகரையில்; பாலங்களைக் கடந்து நடந்தே ஊருக்குள் செல்லலாம். மன்னர் முதலாம் ஃபிரான்சுவாவின் அழைப்பை ஏற்று 1516-இல் இங்கு வந்த லியொனார்டோ டா வின்சி, க்ளோ லூசே என்னும் மாளிகையில் தங்கி, 1519-இல் அங்கேயே மறைந்தார். அவர் பெயரில் அமைந்த கல்லறை அரண்மனை வளாகத்துச் சிறு தேவாலயத்தில் இருக்கிறது. வெள்ளி மாலை வந்து சேர்ந்தால், சனிக்கிழமை முழுவதையும் இவற்றுக்கே கொடுக்கலாம்.

இன்னொரு கோட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்க்கு, சில மைல் தொலைவில் ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஷெனொன்சோ ஒன்றே போதும் என்பேன். ஆற்றின் மேலிருந்த பாலத்தின் மீது நீண்ட கூடத்தை எழுப்பியவர் காத்தரீன் தெ மெதிசி. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் ஷேர் ஆறே எல்லைக்கோடாயிற்று: கோட்டையின் முன்வாயில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பகுதியில், கூடத்தின் மறுமுனைக் கதவு அவர்கள் பிடிக்குள் வராத பகுதியில். அக்கதவின் வழியே பலர் தப்பினர். அக்கூடத்தில் ஒருமுறை நிதானமாக நடப்பது, ஐந்து கோட்டைகளைப் பேருந்துச் சாளரத்தின் வழியே எண்ணுவதினும் மேல்.

தங்குமிடத்திலும் நேரக்கணக்கு உண்டு. ‘ஜீத்’ எனப்படும் வாடகை வீடுகள் கோடைக்காலத்தில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாரக் கணக்கில் மட்டுமே கிடைக்கும். இரண்டு இரவுகளுக்கு ஏற்றது ‘ஷாம்ப்ரு தோத்’: ஒரு குடும்பம் தன் வீட்டில் சில அறைகளை விருந்தினர்க்கு விடுவது. ஐந்து அறைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். காலை உணவு கட்டணத்திலேயே அடங்கும். தாமதமாக வருவதாயின் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவைத் திறப்பவர் வீட்டுக்காரரே அன்றி இரவுக் காவலர் அல்லர்.

வாடகைக் கார் வேண்டுமா? இந்த ஊருக்கு வேண்டாம். எடுத்தேயாக வேண்டுமெனில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்தியாவிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலுள்ள கடன் அட்டையைக் கேட்கும். முன்பணம் ஏற்றிய அட்டையை ஏற்பதில்லை. ஞாயிறன்று நாட்டுப்புறப் பெட்ரோல் நிலையங்களில் ஆளிருப்பது அரிது. இயந்திரம் அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்கும்.

அட்டையைப் பற்றி இரண்டு சொற்கள். நம் நாட்டில் வழங்கப்படும் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, வாடிக்கையாளர் அனுமதித்தால் மட்டுமே செயல்படும். புறப்படுமுன் அதை அனுமதித்து, உச்சவரம்பையும் நீங்களே குறித்துவிடுங்கள். அங்கே கடைக்காரரின் கருவி ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்த நாணயம் என்று ரூபாயைத் தொட்டால், மாற்று வீதத்தை அங்குள்ளவரே நிர்ணயிப்பார். பெரும்பாலும் அது நமக்குப் பாதகமாகவே அமையும்.

மரக்கறி உணவினர் ஞாயிறு காலையை அம்புவாஸின் ஆற்றங்கரைச் சந்தைக்கு ஒதுக்குவது நலம். அப்பகுதியின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியான சேன்ட்-மோர், நடுவே ஒரு வைக்கோல் துண்டு செருகப்பட்டு உருளையாக விற்கப்படும். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதுண்டு; ஆகவே கண்டிப்பானவர்கள் கேட்டே வாங்க வேண்டும். ரொட்டி, தக்காளி, பருவகாலப் பழங்கள் ஆகியவற்றுக்கு ஐயமில்லை. சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். நண்பகல் கடந்தால் சந்தை கலைந்துவிடும். மாலை ரயிலுக்கான உணவையும் அதற்குள் பையில் சேர்த்துக்கொண்டால், பிற்பகல் முழுவதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம்.