ஆசனவாய் வழி மருந்துக்குத் தயக்கம் எதற்கு?

அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். மலத்தோடு ரத்தமும் சளியும் வரும். ஆரணியில் குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து பட்டு நெய்பவர் இதை மூலம் என்றே எண்ணிக் காலம் கடத்திவிடக்கூடும்.

புண் மலக்குடலோடு நின்றிருந்தால் ஆசனவாயில் வைக்கும் மெசலமைன் சப்போசிட்டரிதான் முதல் மருந்து. இடப்பக்கக் குடல்வரை ஏறியிருந்தால் அதுவே எனிமாவாக, பெரும்பாலும் மாத்திரையோடு சேர்த்துத் தரப்படுகிறது. பழைய மருந்தான சல்ஃபசலசினில் வேலை செய்வது இந்த மெசலமைன் பகுதியே என்பதை 1977-இல் ஆக்ஸ்போர்டில் ஆசாத் கான் குழுவினர் எனிமா கொடுத்துத்தான் நிறுவினர். அப்படியிருக்க, இவ்வழியைக் கூச்சப்பட்டு ஒதுக்குவது நோயாளிக்கே நட்டம்.

மருந்து புண்ணின் மேலேயே படுகிறது. ரத்தத்தில் கலப்பது குறைவு. ஆசனவாயில் எரிச்சல் வரலாம். அரிதாகச் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பதால் கிரியேட்டினின் பரிசோதனை அவசியம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். தொடங்கிய சில நாட்களில் காய்ச்சலும் பேதியும் கூடினால் மருந்தே காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எனிமா என்றால், நம் நாட்டில், நோயாளிக்குக் குடல் காசநோயோ அமீபா தொற்றோ இல்லை என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும்.

படுக்கும் முன் மலம் கழித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எனிமாவை ஏற்றி, விடியும்வரை உள்ளே நிறுத்தினால் போதும்; தறிவேலை கெடாது. மெசலமைன் துணியில் கறை பிடிக்கும். பழைய துணியை விரித்துக்கொள்வதும், பாவும் புடவையும் இருக்கும் இடத்தைத் தவிர்ப்பதும் நல்லது.

– ஒரு வாசகர், ஆரணி